வாடை போன சாக்கு

நான் நேரில் கண்டவற்றையும், பிறர் சொல்லக் கேட்டவற்றுள் இருவர் வாய்மொழி ஒத்துப்போனவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாமு, அதாவது அம்மாவின் அண்ணன், இந்த நிகழ்ச்சியைக் கலியாண வீடுகளில் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் சொல்லி, கேட்பவர்களைச் சிரிக்கவைப்பார். அவர் சொல்லில் நாங்கள் நட்ட மிளகாய் நாற்றுகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின. நட்ட நிலத்தில்தான் ஒன்றும் பெருகவில்லை. ஒருமுறை மழை கொட்டியதாகச் சொன்னார். மறுமுறை ஆடு மேய்ந்ததாகச் சொன்னார். பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். எங்கள் வீட்டில் தந்தையை அத்தா என்றுதான் அழைப்போம். அவர் சிரித்த சிரிப்பை அருகிலிருந்து பார்த்த பிறகு, இந்தக் கதையில் ஒரு சொல்லையும் கூட்டிச் சொல்ல எனக்கு அச்சமாகிவிட்டது. ஆகவே, மழை பெய்ததென்று உறுதியாகத் தெரியாத நாளில் மழையை வரவழைக்க மாட்டேன். ஆடு எதுவும் மேயவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. அத்தாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. வரும் பச்சைத் தோல்களை விரித்து, அவை அழுகாமலிருக்க உப்புப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது அவர் பொறுப்பு. அள்ளிய உப்பை முழங்கையிலிருந்து ஒரே வீச்சில் வீசுவார். தோலின் மேல் அது வெள்ளைத் துணி விரித்ததுபோல எங்கும் ஒரே கனமாகப் படியும். ஒருநாள் சோற்றுத் தூக்கைக் கொடுக்கப் போனபோது வாயிலில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீச்சில் ஓர் அழகு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அழகுக்கு விலையாக அவருடைய விரல்கள் பிளந்திருந்தன. பிளவுகள் ஆறுவதற்குள் மறுநாள் உப்பு அவற்றில் இறங்கும். குழம்பில் கை வைக்க முடியாமல் கண்களைச் சுருக்குவார். அதனால் இரவு உணவை அம்மாவே பிசைந்து, உருண்டை பிடித்து அவர் வாயில் கொடுப்பாள். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் என்று நான் எண்ணியிருந்தேன்.

இந்த வேலையை விடாவிட்டால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும் என்று மருத்துவர் சொன்னாராம். நான் உடன் போகவில்லை. ஆனால் அம்மாவும் மாமுவும் தனித்தனியே அதையே சொன்னதால் எழுதுகிறேன்.

மாமுவுக்கு நத்தம் சாலையில் ஒரு மாந்தோப்பு உண்டு. தோப்பின் ஓரத்தில் கிணற்றையொட்டி ஒரு துண்டு நிலம் வெறுமனே கிடந்தது. மாமு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள், அத்தாவுக்கு அம்மா சோறு ஊட்டுவதைக் கண்டுவிட்டார்.  

“மாப்ள, அந்தக் கிணத்தோரத் துண்டு சும்மாதானே கெடக்கு. மொளகா போட்டுப் பாருங்க. நாத்து உசுரு புடிச்சிருச்சுன்னு வைங்க, அன்னைக்கே கிடங்குக்கு ஒரு சலாம் போட்டுட்டு வந்துருங்க.”

“புடிக்குமா மச்சான்?” என்று அத்தா கேட்டார்.

“மொளகா என்ன, ஊரெல்லாம் புடிக்கிதுல்ல, உங்களுக்கு மட்டும் கோவிச்சுக்கிட்டா போகும்?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சுகளும் ‘புடிச்சிருச்சுன்னா’ என்று தொடங்கின. புடிச்சிருச்சுன்னா கிடங்கு இல்லை. புடிச்சிருச்சுன்னா அத்தா தம் கையாலேயே சாப்பிடுவார். புடிச்சிருச்சுன்னா மாமுவின் தோப்பு வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். இந்தக் கடைசி ஏற்பாடு நான் செய்தது. யாரும் அதை மறுக்கவில்லை.

விதை வாங்க அத்தா ஒட்டன்சத்திரம் வரை போனார். என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரர் அத்தாவின் கையைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இதுக்கு முன்ன வெவசாயம் பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. தோல் வேலை.”

“அப்ப ஒண்ணு சொல்றேனுங்க. வெதைய நெருக்கிப் போட்டுறாதீங்க. நாத்து ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்கிட்டு நின்னா வேரெல்லாம் பின்னிக்குமுங்க. அப்புறம் பிரிக்கறதுக்குள்ள சீவன் போயிருமுங்க.”

அத்தா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையசைத்தார். திரும்பும் பேருந்தில், “கலக்கமாப் போடணும், எட்ட எட்டப் போடணும்” என்று தமக்குத் தாமே இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டார். நிலத்தில் காவலுக்கு ஆளில்லாததாலும், வீட்டில் குழாயில் நல்ல தண்ணீர் வந்ததாலும், நாற்றங்காலை எங்கள் கொல்லையிலேயே அமைத்தார்கள். எருவும் மண்ணும் கலந்து, அம்மா மேடாகப் பாத்தி கட்டினாள். அவள் தோப்புக்காரர் வீட்டுப் பெண். மண் அவளுக்குப் புதிதன்று. அத்தா விதையை உள்ளங்கையில் அள்ளினார், “பிஸ்மில்லா” என்றார், முழங்கையிலிருந்து ஒரே வீச்சாக வீசினார். பாத்தி முழுவதும் விதை ஒரே கனமாக, இடைவெளியின்றிப் படிந்தது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “என்னங்க இது! தோலுக்கு உப்புப் போடுற மாதிரியில்ல போடுறீங்க?”

அத்தா வீசிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். “அது பாட்டுக்குப் போயிருச்சு” என்றார், பிறருடைய கையைப் பற்றிச் சொல்வதுபோல. மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் கலப்படம் ஏதும் இல்லை என்று என்னால் உறுதி கூற முடியும்.

விதை நன்றாக முளைத்தது. பச்சை மயிர்க் கம்பளம்போல அடர்ந்து எழுந்தது. கிடங்கிலிருந்து வந்ததும் அத்தா கைகால் கழுவி, பாத்தியருகே குந்தியிருப்பார். தொடமாட்டார். ஓர் இலையின்மேல் எறும்பு ஏறினால்கூட என்னைத்தான் அழைப்பார்.

நாற்று நடும் பருவத்துக்கு வந்தபோது, வெள்ளிக்கிழமை கிடங்குக்கு விடுமுறை என்பதால், வியாழன் மாலை பிடுங்கிப் பிரித்துக் கட்டி, வெள்ளி விடியலில் முதல் பேருந்துக்குப் போய் நட்டுவிடுவதென்று முடிவாயிற்று. வியாழனன்று அம்மா பாத்திக்கு நீர் விட்டு மண்ணை இளக்கினாள். களைக்கொத்தால் அடியில் நெம்பிக் கொத்துக் கொத்தாக எடுத்தாள். கடைக்காரர் சொன்னது சரியாகவே இருந்தது. எந்த நாற்றின் வேர் எது என்று சொல்ல முடியாதபடி எல்லாம் பின்னிக் கிடந்தன.

பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. அகன்ற சட்டியில் நீர் நிரப்பி, கொத்தை அதில் மெல்ல ஆட்டினால் மண் கரைந்து வேர்கள் நெகிழும். பிறகு ஒவ்வொன்றையும் இலையைப் பிடித்து இழுக்க வேண்டும். தண்டைப் பிடிக்கக் கூடாது. இலை கிழிந்தால் வேறோர் இலை வரும். தண்டு நசுங்கினால் நாற்று அவ்வளவுதான். அத்தா முயன்றார். இலையைப் பிடித்தால் அது பிடிபட்டது அவருக்குத் தெரியவில்லை, இன்னும் இறுக்கினார், இலை கையோடு வந்தது. வேரைப் பிரிக்கப் போனார், அது அறுந்தது. அறுந்தவற்றை எறிய மனமின்றி, ஓர் ஈரத் துணியை விரித்து அதன்மேல் வரிசையாகக் கிடத்தினார்.

“அதெல்லாம் மௌத்தாப் போச்சுங்க. விட்டுருங்க” என்றாள் அம்மா.

“மூச்சு இருக்கிற மாதிரி இருக்கே?”

“நாத்துக்கு எங்கிட்டு மூக்கு இருக்குன்னு பார்த்தீக?”

சற்று நேரத்தில் அவர் கையை நீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “நீ பிரி தாயி” என்று என்னிடம் சொன்னார். “என் வெரலுக்கு வேர் தெரிய மாட்டேங்குது.”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சட்டி நீரில் என் விரல்களுக்கு ஒவ்வொரு வேரும் தெரிந்தது. தலைமயிரைவிட மெலிந்ததும் தெரிந்தது. நான் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க, அம்மா வேர்களைச் சமமாக்கிச் சிறு சிறு கட்டுகளாக அடுக்கினாள். அத்தா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை வியக்கிறார் என்று நான் நினைத்தேன்.

கட்டுவதற்கு வாழைநார் போதவில்லை. தெருமுனைப் பூக்காரியிடம் வாங்கி வரும்படி என்னை அனுப்பினார்கள். நான் ஓடிப்போய் நாரோடு திரும்பினேன். இடையில் சென்ற நேரம் மிகச் சிறிது. ஆனால் நாற்றுகளின் கதையில் நான் இல்லாத நேரம் அது ஒன்றுதான்.

திரும்பியபோது அத்தாவின் கையில் ஒரு சாக்கு இருந்தது.

எங்கள் வீட்டில் சாக்கு என்றால் கிடங்குச் சாக்குதான். உப்பு வந்து இறங்கிய சாக்கு. கால்மிதியும் அதுவே, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வதும் அதுவே. கொல்லை மூலையில் துவைத்தவையும் துவைக்காதவையுமாக ஒரு குவியல் எப்போதும் கிடக்கும். எங்கள் சந்தில் துவைப்பது என்பதன் பொருள் பிற தெருக்களில் உள்ளதினின்றும் சிறிது வேறுபட்டது. அழுக்குப் போயிற்றா என்று நாங்கள் கேட்பதில்லை. வாடை போயிற்றா என்றுதான் கேட்போம். பள்ளிக்குப் புறப்படும்போது அம்மா என் சீருடையை, சடையை, புத்தகப்பையைக்கூட முகர்ந்து பார்த்த பிறகே அனுப்புவாள். வகுப்பில் யாரேனும் மூக்கைப் பொத்திக்கொண்டால், அன்று மாலை வீட்டில் உள்ள துணியெல்லாம் மறுபடி நீருக்குள் போகும். தோலின் வாடை ஒன்றே எங்களுக்குத் தெரிந்த அழுக்கு. அது போய்விட்டால் ஒரு பொருள் தூயதாகிவிட்டது.

அத்தா அந்தச் சாக்கை முகத்தருகே கொண்டுபோய்க் கண்களை மூடிக்கொண்டு முகர்ந்தார். திருப்பி, உட்புறத்தையும் முகர்ந்தார்.

“வாடை இல்ல” என்றார்.

அம்மாவும் ஓர் ஓரத்தைப் பிடித்து முகர்ந்தாள். “இல்ல” என்றாள்.

என்னிடமும் நீட்டினார்கள். இல்லைதான்.

சாக்கை நீரில் நனைத்துப் பிழிந்து, அதில் கட்டுகளைச் சுற்றி, வெயில் படாத குளியலறை மூலையில் சாய்த்து வைத்தார்கள். பிடுங்கிய நாற்றின் வேர் காயாமலிருக்க ஈரச் சாக்கில் சுற்றிவைப்பது எங்கும் உள்ள வழக்கம். அம்மா தன் தாய்வீட்டில் அப்படிச் செய்யக் கண்டவள். அவர்கள் வீட்டுச் சாக்குகளில் நெல்லும் புளியும் வந்திருக்கும்.

வெள்ளி விடியலில் எங்கள் எதிர்வீட்டு முதியவர் இறந்துவிட்டார். தெருவில் ஒரு மௌத்து என்றால் அடக்கம் முடியும்வரை எந்த வீட்டு ஆணும் ஊரைவிட்டுப் போகமாட்டான். அத்தாவும் போகவில்லை, சவத்தைச் சுமக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார், ஜும்ஆத் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்து, குளித்துவிட்டு வந்தார். அதற்குள் பகல் சாய்ந்துவிட்டது. இடைப்பட்ட நேரத்தில், நாற்று வாடிவிடக் கூடாதே என்று அம்மா வேளைக்கு வேளை குளியலறைக்குப் போய்ச் சாக்கின் மேல் நீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மௌத்து வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தவள் நடுவில் எழுந்து வந்தும் தெளித்தாள். இதை நான் கண்டேன்.

நத்தம் பேருந்தில் சாக்கு மூட்டையை அத்தா மடியிலேயே வைத்திருந்தார். நடத்துநர், “என்னய்யா, பச்சப்புள்ளையா?” என்று கேட்டார். அத்தாவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

நிலத்தில் மாமு பாத்தி பிடித்துத் தயாராக வைத்திருந்தார். சாக்கைப் பிரித்தபோது நாற்றுகள் தலை சாய்ந்திருந்தன. அத்தா மாமுவின் முகத்தைப் பார்த்தார்.

“அட, பிடுங்குன நாத்து எல்லாம் முத நாளு மயங்கித்தான் கெடக்கும். பொண்ணு வீட்டவிட்டு வந்தா அழத்தானே செய்யும்? நடுங்க மாப்ள. குத்துக்கு ரெண்டா வைங்க. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்.”

குழிக்கு இரண்டாக வைத்தோம். ஒன்று போனால் மற்றொன்று நிற்கும் என்னும் அந்த ஏற்பாட்டில், இரண்டும் போகும் என்பதற்கு இடம் வைக்கப்படவில்லை. நான் நாற்றை எடுத்துக் கொடுத்தேன், அம்மா குழியிட்டாள், அத்தா வைத்து மண் அணைத்தார். தம் கையால்தான் வைப்பேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. கடைசிக் குழிக்கு நீர் ஊற்றியபின் அவர் நிமிர்ந்து நின்று நிலத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்தார். “ஞாயித்துக்கெழம உயிர்த் தண்ணி விட்டா எந்திரிச்சிரும்” என்றார் மாமு. நட்ட மூன்றாம் நாள் விடும் நீருக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

ஞாயிறன்று, கிடங்கில் ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அத்தாவும் நானும் போனோம்.

நாற்றுகள் எழவில்லை. தலை சாய்ந்தவை தரையில் படிந்துவிட்டிருந்தன. இலைகளின் ஓரம் தீயில் காட்டிய தாள்போலப் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. அத்தா முதல் வரிசையில் முழந்தாளிட்டு ஒரு நாற்றை விரலால் நிமிர்த்தினார். விரலை எடுத்ததும் அது விழுந்தது. அடுத்ததை நிமிர்த்தினார். விழுந்தது. எல்லாவற்றுக்கும் உயிர்த் தண்ணீர் விட்டார், ஒன்றையும் விடவில்லை.

“செத்த நேரம் போகட்டும் தாயி. வெயில் தாழட்டும்” என்றார்.

வெயில் தாழ்ந்தது. சிறுமலையின் மேல் மேகம் கவிந்திருந்தது. தோப்பிலிருந்து நிழல் நீண்டு வந்து நிலத்தை மூடியது. அத்தா வரப்பில் உட்கார்ந்து, நிழலுக்குள் வந்த நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நிலத்துக்குள் போய், ஒரு குழியைத் தோண்டி இரு நாற்றுகளையும் வெளியே எடுத்தார். வேர்கள் பழுப்பாகிக் கூழ்போல இருந்தன. அவர் அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்தே இருந்தார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து நானும் குனிந்து மண்ணில் தேடினேன்.

அப்போது மாமு வந்தார். அவர் கொடியவர் அல்லர். இதைப் பதிவு செய்வது என் கடமை. துயரத்தின் முன்னால் என்ன பேசுவதென்று தெரியாதபோது கேலி பேசுபவர், அவ்வளவே. நிலத்தைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார், தோளில் தட்டினார்.

“விடுங்க மாப்ள. தோலைத் தொட்ட கையில எங்கிட்டுப் பச்ச புடிக்கும்?”

அத்தா சிரித்தார். பிற்காலத்தில் கலியாண வீடுகளில் சிரித்த அதே சிரிப்பை நான் முதன்முதலில் கேட்டது அந்த வரப்பில்தான். சிரித்துவிட்டு, தம் வலக்கையைத் திருப்பி உள்ளும் புறமும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும், “படுத்திருச்சு” என்று அத்தாவே சொன்னார். “எல்லாமே.” சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அம்மா கொல்லைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். நட்டு முடித்துத் திரும்பக் கொண்டுவந்த சாக்கைச் சுவர்மேல் உலர்த்தியிருந்தாள். இரண்டு நாள் வெயிலில் அது நன்றாகக் காய்ந்து விறைத்திருந்தது. அதன் தையலோரங்களிலும் மடிப்புகளிலும் வெண்மையாக ஏதோ பூத்திருந்தது. அம்மா அதை எடுக்கக் கை நீட்டியவள், நிறுத்தினாள். நகத்தால் அந்த வெண்மையைச் சுரண்டினாள். விரலை நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள். பிறகு வேறோர் இடத்தில் சுரண்டி, மறுபடியும் நாக்கில் வைத்தாள். இம்முறை துப்பவில்லை. விழுங்கிவிட்டு, சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

“என்னம்மா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. போ.”

“என்ன தின்ன?”

“போடின்னா போ.”

அவள் உள்ளே போனாள். அத்தாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் வாயிலில் நின்றேன்.

“வெயிலுங்க” என்றாள். “இம்புட்டு வெயிலுக்கு மலையே வதங்கிப் போகும். நாத்து என்ன செய்யும்?”

அத்தா திரும்பவில்லை. “வெயிலு எல்லாருக்கும்தானே அடிக்குது” என்றார்.

 அதற்கு அம்மாவிடம் விடை இருந்தது. கொல்லைச் சுவர்மேல் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை, குளிக்க வெந்நீர் போடும் அடுப்பில் அவள் அந்தச் சாக்கை வைத்து எரித்தாள். நல்ல சாக்கு, கிழிசல் இல்லாதது. நெருப்பு அதன் ஓரத்தைப் பற்றியதும் சாக்கு படபடவென்று வெடித்தது. பொறிகள் மஞ்சளாகத் தெறித்தன. எனக்கு அது பட்டாசுபோல இருந்தது. கைகொட்டிச் சிரித்து, “அம்மா, இன்னொரு சாக்கு போடும்மா” என்றேன். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையைத் தன் வாய்மேல் வைத்துக்கொண்டாள். உப்பு தீயில் வெடிக்கும் என்பதை நான் பின்னாளில் ஒரு சிட்டிகையை அடுப்பில் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

அன்றும் அத்தா வேலைக்குப் போனார். வேலையை விடுவதாகக் கிடங்கில் அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஆகையால் திரும்பிப் போகும் சிறுமை அவருக்கு நேரவில்லை. வழக்கம்போலச் சோற்றுத் தூக்கோடு போனார். இரவு அம்மா உருண்டை பிடித்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார். ‘புடிச்சிருச்சுன்னா’ என்று தொடங்கும் பேச்சுகள் எங்கள் வீட்டிலிருந்து ஒரே நாளில் மறைந்தன. யாரும் அவற்றை விலக்கவில்லை. சொல்வதற்கு வாய் வரவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்றங்காலின் ஒரு மூலையில், பிடுங்குவதற்கு மெலிந்தவை என்று அம்மா விட்டுவைத்த சில நாற்றுகள் இருந்தன. அவை வளர்ந்தன, கிளைத்துப் பூத்துக் காய்த்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் குழம்புக்கும் வெஞ்சனத்துக்கும் பறித்துப் போனார்கள். மாமு ஒருநாள் வந்தவர் கொல்லையில் அவற்றைக் கண்டு வியந்து, உள்ளே உட்கார்ந்திருந்த அத்தாவுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

“பார்த்தீகளா மாப்ள! உங்க கை படாத நாத்து மட்டும் எப்புடி நிக்குதுன்னு!”

அதே செடிகளுக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அந்த நாற்றுகள் சாக்குக்குள் போகவில்லை என்பதன் பொருளை அறிந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு சொல் போதும். அண்ணனிடம் சொல்லியிருக்கலாம், உள்ளே போய்க் கணவரிடம் சொல்லியிருக்கலாம். அவள் பறித்த காய்களை முந்தானையில் கட்டிக்கொண்டு, “டீ போடவாண்ணே?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அத்தா கொல்லைப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். மாமு மறுபடி நிலம் தருவதாகச் சொன்னதுண்டு; அத்தா அதை ஏற்கவில்லை. பின்னாளில் வேறு வீட்டுக்கு மாறியபோது என் கணவர் ஒரு கொய்யாக் கன்று வாங்கி வந்து, வீட்டில் மூத்தவர் என்று அவரை வைக்கச் சொன்னார். “நீங்களே வைங்க மாப்ள. நம்ம கை வேணாம்” என்று அத்தா கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். அப்போது அவருடைய விரல்கள், மருத்துவர் சொன்னபடியே மடங்கி நின்றுவிட்டிருந்தன. கன்றை வைப்பதற்கு அவற்றால் இயலாது என்பதை நாங்கள் எல்லாரும் அறிந்திருந்தோம். அவர் மறுத்த காரணம் அதுவன்று.

அத்தா இறந்து, துக்க நாள்கள் கழிந்த பிறகு, ஒரு பகலில் அம்மாவோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அன்று கேட்டேன்.

“அம்மா, அந்த மொளகா நாத்து… சாக்குலதானே உப்பு இருந்துச்சு?”

“எந்தச் சாக்கு?”

“நீ வெந்நீரடுப்புல போட்டு எரிச்சியே.”

அவள் ஒரு கீரைத் தண்டை எடுத்து, இலை இலையாக உருவினாள். முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“வெயிலுடி” என்றாள். “அந்த வருசம் அம்புட்டு வெயிலு.”

 அவள் கை நடுங்கியதாக எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை.

அம்மா சாக்கைச் சுவைத்ததையும் எரித்ததையும் கண்ட கண்கள் என்னுடையவை மட்டுமே. கண்டபோது எனக்கு விளங்கவில்லை. வாய்க்குள் ஒரு சுவையை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்ல மனிதர்களால் முடியும் என்பதும், சிலர் வாழ்நாள் முழுவதும் அவ்வாறு சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்பதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. விளங்கிய காலத்தில், சொல்ல வேண்டியவர் கேட்கும் நிலையில் இல்லை.

தெரியாதவை இவை. நாற்றைக் கொன்றது உப்புத்தானா, ஒருநாள் தாமதமா, வெயிலா என்பது தெரியவில்லை. சாக்கு எரிந்துவிட்டதால் சோதிக்க இனி எதுவும் இல்லை. அத்தா தாமாகவே என்றேனும் உப்பை எண்ணிப் பார்த்தாரா என்பதும் தெரியவில்லை. நான் நார் வாங்கப் போயிருந்தபோது குவியலிலிருந்து அந்தச் சாக்கை எடுத்தவர் அத்தாவா, அம்மாவா என்பது தெரியவில்லை. அத்தா எடுத்திருந்தால், அம்மா பேசாமலிருந்தது அவருக்காக. அம்மா எடுத்திருந்தால், தனக்காக. இரண்டில் எது என்பது எனக்குத் தெரியாது.